குறுக்கே வராத எருமை

மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சுகம்தான். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, பசு சினையாக இருக்கிறது. எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை. உன் கடிதம் வந்த அன்று சந்தோஷம் தாங்காமல் நாலு வீட்டில் படித்துக் காட்டிவிட்டு வந்தவள் நான். சூளகிரி பக்கத்தில் எருமை ஒன்று பஸ்ஸுக்குக் குறுக்கே வந்ததும், நீ சட்டென்று வண்டியைக் கேழ்வரகுக் கொல்லையில் இறக்கி எருமையையும் ஜனங்களையும் காப்பாற்றியதும், முதலாளி எல்லோர் எதிரிலும் உன் முதுகில் தட்டிக்கொடுத்ததும் படிக்கப் படிக்க எனக்குத் தலை கால் புரியவில்லை. வருகிற திங்கட்கிழமையிலிருந்து பெங்களூர் பஸ்ஸை உன்னிடமே தருகிறார் என்றும், ஆள் குறைவாக இருப்பதால் இரண்டு டிரைவர் பார்க்கிற வேலையை நீ ஒருத்தனே பார்க்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், “தூக்கத்தை நான் ஜெயித்துவிட்டேன் அம்மா” என்று ஒரு வரி. அந்த வரி மட்டும் சாப்பாட்டில் கல் மாதிரி பல்லில் பட்டது. ஆனாலும் பெருமையில் விழுங்கிவிட்டேன்.

நேற்று உன் கண்டக்டர் காதர் பாய் வீட்டுக்கு வந்தார். சந்தைக்கு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். மோர் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தார். “என்ன பாய், சொல்ல வந்ததைச் சொல்லுங்க” என்றேன்.

“நான் சொன்னேன்னு தம்பிகிட்ட சொல்லிடாதீங்கம்மா. எருமையும் வரல, ஒண்ணும் வரல. நான் படிக்கட்டுல நின்னுகினு ரோட்டைத்தான் பாத்துகினு இருந்தேன். காலியா கிடந்துச்சு ரோடு. மத்தியான வெயிலு. வண்டி தன்னால எறங்குது. ‘தம்பி, தம்பி’ன்னு நான் கத்தினப்புறம்தான் பிரேக் விழுந்துச்சு. எறங்கிப் பாத்தா, முன் சக்கரத்துக்கு அந்தாண்ட கிணறும்மா. சுத்துச்சுவரு கூட இல்லாத கிணறு.”

“அவன் எருமைன்னு எழுதியிருக்கானே பாய்?”

“அதுதாம்மா எனக்குப் பயமே. பொய் சொல்லியிருந்தா, சின்னப் பையன், முதலாளிக்குப் பயந்து சொல்லுதுன்னு விட்டிருப்பேன். தம்பி பொய் சொல்லல. கொம்பு எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சுன்னு கூடச் சொல்லுது. நானே சந்தேகப்பட்டு மாட்டைத் தேடிகினு கொல்லை பூரா நடந்துட்டு வந்தேன். சாணி கூட இல்ல.”

முன் சீட்டில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி உட்கார்ந்திருந்தாளாம். ஓசூரிலிருந்து பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறவள். வண்டி நின்ற பிறகும் வயிற்றில் கையை வைத்தபடி இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். காதர் பாய் அவளுக்குத் தெலுங்கிலும், மற்றவர்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் சமாதானம் சொல்லித் தண்ணீர் வாங்கிக் கொடுத்து வண்டியை ரோட்டுக்கு ஏற்றினாராம். சொல்லாதே என்றவர் சொன்னதை எழுதிவிட்டேன். அவர் மேல் நீ முகம் சுளித்தாய் என்று தெரிந்தால், நான் அடுத்த பஸ் பிடித்து ஓசூருக்கே வந்து உன் ஸ்டாண்டில் வைத்து உன் காதைத் திருகுவேன். டிரைவர் என்றும் பார்க்கமாட்டேன்.

நீ பொய் சொன்னாய் என்று நானும் சொல்லவில்லை. எருமை உன் கண்ணுக்கு வந்ததை நான் நம்புகிறேன். ரோட்டில் வரவில்லை, அவ்வளவுதான். இது எப்படி என்று உனக்குப் புரியவைக்க எனக்கு ஒரே வழிதான் இருக்கிறது, உன் அப்பாவின் கதையைச் சொல்வது. அவர் இந்த வீட்டில்தான் இருக்கிறார், பின்கட்டில் தவிலுக்கு வார் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. முடித்ததும் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

மேளக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தூக்கத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கச்சேரி மேடையில் தூங்காதவர் யார் என்று கேள், சொல்கிறேன். சுருதிப்பெட்டி போடுகிற ஆள் ஒருவர் இருந்தார், உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் குறட்டை விடுவார், ஆனால் கை மட்டும் துருத்தியை அமுக்கிக்கொண்டே இருக்கும். குறட்டையும் சுருதியோடுதான் இருக்கும் என்று உன் பெரியப்பா கேலி செய்வார். ஒத்து ஊதுகிறவர் கன்னம் உப்பியபடியே தூங்கி, தூணில் சாய்ந்து, தூணோடு தூணாக நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பாரூரில் ஒரு நாடகத்தில் ஆர்மோனியக்காரர் முகம் குப்புறக் கட்டைகள் மேல் விழுந்து, அந்தச் சத்தத்துக்கு ராஜா வேஷக்காரர் பயந்து வசனத்தை மறந்துபோனார். கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேர் ரசிக்கிறார்கள், பாதிப் பேர் விழப் போகிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது பார், வேறெந்தத் தொழிலிலும் கிடையாது. கண்ணை மூடினால், “ஆஹா, லயிச்சுப் போயிட்டாரு” என்பார்கள். தூங்குகிறானா, லயித்திருக்கிறானா என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் உள்ளே இருப்பவனுக்கும் தெரியாமல் போய்விடுகிறது. உன் அப்பாவை எத்தனையோ தரம் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். “நான் எங்கடி தூங்கினேன், தாளத்துல இருந்தேன்” என்பார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

கல்லாவியில் உன் சித்தி கல்யாணம் நடந்தபோது நீ பெங்களூரில் லாரி ஷெட்டில் வேலை பழகிக்கொண்டிருந்தாய். முதலாளி விடவில்லை என்று வராமல் போனாய். அந்த வைகாசியில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் முட்டிக்கொண்டது. ராயக்கோட்டையில் ஒரு கல்யாணம், அது முடிந்த கையோடு காவேரிப்பட்டணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம், அங்கிருந்து நேராகக் கல்லாவி. மூன்றையும் ஒப்புக்கொண்டவர் உன் அப்பா. மச்சினி கல்யாணத்துக்கு வாசிக்காமல் இருக்க முடியாது, கூப்பிட்ட மற்றவர்களையும் விட முடியாது. “உடம்பு தாங்குமா?” என்று கேட்டேன். “தவிலைத் தோள்ல மாட்டிட்டா எனக்கெங்க தூக்கம்?” என்றார். இன்று நீ எழுதுகிற வரிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாயில் கிராம்பு, மடியில் மூக்குப்பொடி, முகத்தில் மணிக்கொருதரம் பச்சைத் தண்ணீர். ஓர் ஆளும் குறைவு. இன்னொரு தவில்காரரை வேறு கல்யாணத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

விடிந்து வெயில் ஏறுகிற நேரம் முகூர்த்தம். பெண்ணுக்கு அக்கா என்பதால் நான் மணவறைக்குப் பின்னால் அட்சதைத் தட்டோடு நின்றிருந்தேன். எங்களுக்கு எதிரேதான் மேளம். கெட்டி மேளம் என்றால் அந்தச் செட்டில் எப்போதும் தவில்தான் முதலில் விழும், பெரியப்பாவின் நாதஸ்வரம் அதன் மேல் ஏறிக்கொள்ளும். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அது பேசிவைத்துக்கொள்ள வேண்டாத பழக்கம். அந்தத் தைரியத்தில் பெரியப்பா நாதஸ்வரத்தின் வாயில் செருகுகிற சீவாளியைக் கழற்றி ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். புரோகிதர் விரலைத் தூக்கிச் சுழற்றினார். மாப்பிள்ளை தாலியோடு குனிந்தார். தாளம் மட்டும் கிணுங் கிணுங் என்றது. தவிலைக் காணோம்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இடது கையில் கழி பிடித்தபடியே இருந்தது, வலது கை மடியில் கிடந்தது. அந்த விரல்கள் வேட்டியின் மேல் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தன. தூங்குகிற நாயின் கால் துடிக்குமே, அந்த மாதிரி. அவர் வாசித்துக்கொண்டிருந்தார், கண்ணு. எந்தக் குறையும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் யாருக்கும்தான் கேட்கவில்லை. அந்த நிசப்தத்தில், மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுகிற நேரம் பார்த்து, பந்தலில் யாரோ ஒருவர் தும்மினார். ஊருக்கே கேட்கிற தும்மல். பெரியப்பா பதறிப்போய்ச் சீவாளியைச் செருகி ஊதினார். அந்தச் சத்தத்தில் உன் அப்பா கண்ணைத் திறந்து பிளந்து கட்ட ஆரம்பித்தார். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

தாலி கட்டும்போது தும்மல் காதில் விழக் கூடாது என்பதற்குத்தானே கெட்டி மேளமே வைத்திருக்கிறார்கள்? அதன் பிறகு உன் சித்தி பட்டதை நீ அறியமாட்டாய். மாமியார் வீட்டில் பால் திரிந்தால் அந்தத் தும்மல், ஆடு செத்தால் அந்தத் தும்மல், மழை தப்பினால் அந்தத் தும்மல். வயிற்றில் ஒன்று தங்காமல் போனபோது மூட்டையோடு இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். உடம்பு தேறுவதற்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று உனக்கு எழுதினேன். அப்புறம் பெண் பிறந்து, மாமியார்க்காரி மனசு மாறி, இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் அழுத அழுகை இந்தச் சமையல்கட்டுக்குத் தெரியும். எனக்குத் தும்மலில் எல்லாம் நம்பிக்கை இல்லை. மற்றவர்களுக்கு இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து மரத்தடியில் பெரியப்பா மெதுவாகத்தான் ஆரம்பித்தார். “தம்பி, இனிமே இப்பிடி மூணு ஒத்துக்க வேணாம். உனக்குக் கை வரல பாரு இன்னிக்கு.”

“எங்க வரல?”

“தாலி கட்டயில. நீ அடிக்கல.”

“அண்ணா, என்ன பேசற? நான் அடிச்சேன். கை வலி இன்னும் போகல.”

“கண்ணு மூடியிருந்துச்சுடா.”

“கண்ணை மூடி வாசிக்கிறது இன்னிக்கு நேத்தா?”

“ஊரே பாத்துச்சு.”

“ஊரு தூங்கிச்சு!” என்றார் உன் அப்பா.

சிரிக்காதே. நான்கூட முதலில் சிரித்தேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கள்ளமே இல்லை. அவர் காதில் அந்தக் கெட்டி மேளம் கேட்டிருக்கிறது, கையில் அடித்த வலிகூட இருக்கிறது. கூடப் பிறந்த அண்ணன், பெண்டாட்டி, பந்தலில் இருந்த ஜனங்கள் எல்லோரும் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தார். என்னிடமும் கேட்டார். “நீங்க அடிக்கல, நான் பாத்தேன்” என்று நானும் சொன்னேன். “நீயும் அண்ணன் கட்சியா?” என்று தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டியில் ஏறாமல், தனியாக ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டார். செட்டு உடைந்தது அன்றைக்குத்தான். பெரியப்பா தேன்கனிக்கோட்டைக்குக் குடிபோனார். பாகத் தகராறு என்று நீயும் ஊரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, பாகம் பிரிக்க இந்தக் குடும்பத்தில் என்ன இருக்கிறது? ஒரு நிமிஷத் தூக்கத்தைத் தவிர அவர்களுக்குள் வேறொரு தகராறும் கிடையாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நீ ஜெயித்துவிட்டதாகச் சொல்கிற சமாசாரம் எதிரில் வந்து நின்று சண்டை போடுகிற ஆள் இல்லை. கொட்டாவி வருகிறது, கண் எரிகிறது என்றால் அது வருகிறது என்று தெரியும், எழுந்து முகம் கழுவலாம். உன் அப்பாவுக்கு அந்தக் கட்டம் காவேரிப்பட்டணத்தோடு முடிந்துவிட்டது. கல்லாவிக்கு வந்தபோது, “இப்ப பாரு, தெளிவா இருக்கேன்” என்றார். அந்தத் தெளிவுதான் ஆளைக் குடிக்கிறது. நீ விழித்திருப்பதாகவே அது உனக்குக் காட்டும். உன் கையில் ஸ்டியரிங் இருப்பதாகவும், ரோடு ஓடுவதாகவும் காட்டும். நடுவில் ஒரு நொடி அறுந்துபோனால், அந்தக் கிழிசலைத் தைக்க ஓர் எருமையையும் கொண்டுவந்து நிறுத்தும், கொம்பு வளைவோடு. தூங்கினவனிடம் போய் “தூங்கினாயா?” என்று கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவனுக்கு மட்டும்தான் அது தெரியாது. பக்கத்தில் இருப்பவன் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். உன் அப்பா தன் அண்ணனை நம்பவில்லை. நீ காதர் பாயை நம்பு. அவருக்கு உன் வேலை மேல் ஆசை இல்லை, உன் மேல் பொறாமையும் இல்லை. படிக்கட்டில் நின்றவர், அவ்வளவுதான்.

தவில்காரன் தூங்கினால் ஒரு தும்மல் கேட்கும். நீ தூங்கினால் என்ன கேட்கும் என்று எழுத என் கை வரவில்லை. அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை, ஆனால் நேற்றிலிருந்து அவள் முகம் என் கண் முன்னால் வந்து வந்து போகிறது. ஆகையால் திங்கட்கிழமைக்கு முன்னால் முதலாளியைப் பார். முதுகில் தட்டிக்கொடுத்தவரிடம் போய் இப்படிச் சொல்வது எப்படி என்று கூச்சமாக இருக்கும், எனக்குத் தெரியும். எருமை வரவில்லை, நான் தூங்கிவிட்டேன் என்று சொல். இரண்டு ஆள் வேலையை ஒருத்தன் பார்க்க முடியாது என்று சொல். பெங்களூர் பஸ் போனால் போகட்டும். வேலையே போனாலும் போகட்டும், இங்கே மாம்பழ மண்டியில் லாரியை ரிப்பேர் பார்க்க ஆள் தேடுகிறார்கள். நாளைக்கு ஒற்றை நடை மட்டும் தந்தால் ஓட்டு. அப்போதும், காதர் பாய் நிறுத்து என்றால் ஏன் என்று கேட்காமல் மரத்தடியில் நிறுத்திக் கொஞ்ச நேரம் படு. ஜனங்கள் திட்டுவார்கள். மூன்று பாஷையிலும் திட்டுவார்கள். திட்டட்டும், திட்டுவதற்கு உயிரோடு இருக்கிறார்களே.

கடிதத்தை இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, சொன்னபடி உன் அப்பாவிடம் கொண்டுபோய்ப் படித்தேன். தவில் வாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சுருதிப்பெட்டிக்காரர் கதைக்குச் சிரித்தார். கல்லாவி என்று வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன், இந்தப் பேச்சு வந்தால் எப்போதும் அப்படித்தான். அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் ஒட்டினாற்போல் இரண்டு கச்சேரியை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரு மூலையில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்து எழுந்துதான் வாசிக்கிறார். ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பற்றி எழுதியதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். கிணற்றைப் பற்றியும் கேட்டார். “சுத்துச்சுவரு இல்லையாமா?” என்றார். இல்லை என்றேன். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவு எழுதினியே, நான் சொன்னேன்னு ஒண்ணு எழுது” என்றார்.

“என்ன எழுத?”

“அன்னிக்கு நான் அடிக்கல. தூங்கிட்டேன். அப்பிடியே எழுது. அப்பா தூங்கிட்டாருன்னு எழுது.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனாவை எடுத்து வருவதற்குள், “அண்ணனுக்கும் ஒரு கார்டு போட்டுடு” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

உன் அப்பா அன்றைக்குத் தூங்கிவிட்டார், கண்ணு. எழுதிவிட்டேன். இதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. உனக்குத் திங்கட்கிழமை வரைக்கும்தான் இருக்கிறது.

அம்மா